டீச்சர் மகள் ஏறிய வேன்

3 ஏப்ரல் 2008, வியாழன்

இல்லை டீச்சர், நான் கேட்டதில் என்ன தப்பு? பிள்ளைகள் குறைந்தால் தமிழ் மீடியம் ஒன்றாம் வகுப்பையே மூடிவிடுவார்கள் என்று நம் தீவில், இந்தப் புரோத்ராபூரில் வீடுவீடாக ஏறி இறங்குகிறீர்கள். இன்று எங்கள் வீட்டுக்கும் வந்து, பேத்தி கன்னத்தைக் கிள்ளி பிஸ்கட் கொடுத்தீர்கள். மருமகள் உடனே தலையாட்டிவிட்டாள். எனக்குத்தான் சந்தேகம். உங்கள் மகளுக்கும் அதே வயசு. காலையில் அவள் டை கட்டிக்கொண்டு லம்பா லைன் பக்கம் இங்கிலீஷ் மீடியத்துக்குப் போகிற ஸ்கூல் வேனில் ஏறியதைப் பார்த்தேன்.

"உங்க பாப்பா எந்த ஸ்கூலு டீச்சர்?"

"அது அவங்கப்பா முடிவு தாத்தா."

"அச்சா. அவளையும் உங்க கிளாஸ்ல சேருங்க. எம்பேத்திய பக்கத்துலயே உக்கார வைக்கிறேன்."

"சலோ, பாக்கலாம் தாத்தா."

"எப்போ பாக்கலாம்? நாளைக்குக் காலையில நானே ரெண்டு பேரையும்..."

அதற்குள் நீங்கள் செருப்பை மாட்டிக்கொண்டு கேட்டைத் தாண்டிவிட்டீர்கள்.