இசபெல் டீச்சரின் நெற்றி

ஆமத்தூர்
9 பிப்ரவரி 2025

அன்புள்ள ஜெபிஷா,

இங்கே நலம். உன் நலத்தைத் தினமும் ஸ்டேட்டஸில் பார்த்துவிடுவதால் விசாரிக்கவில்லை. காகிதத்தில் எழுதக் காரணம், என் போன் பாதி நேரம் மகள் ஜெஸ்லின் கையில் இருக்கிறது.

நீ மதுரையில் தோல் கிளினிக்கில் நர்சாக இருப்பதால் கேட்கிறேன். கத்தி வைக்காமல் முகச் சுருக்கத்தைக் குறைக்க முடியுமா? என் புருவங்களுக்கு நடுவே கோடுகள் விழுகின்றன. எட்டாம் வகுப்புக்குக் காலமெல்லாம் கணக்கு எடுத்ததில் வந்தவை. பப்பாளி தேய்த்தேன், ஈ வந்தது, கோடு போகவில்லை. யூடியூபில் ஒருத்தி சொன்னபடி கன்னத்தை உப்பிக் கண்ணை விரித்துப் பயிற்சி செய்தேன். பால்காரர் பார்த்துவிட்டார். அன்றிலிருந்து பாலை வாசலில் வைத்துவிட்டுக் கூப்பிடாமல் போகிறார்.

அழகுக்காக இல்லை. இவருக்காக. இவர் பட்டாசு கம்பெனி போர்மேன் அல்லவா? மேகம் திரண்டால் வேலையை நிறுத்தி எல்லாரையும் வெளியேற்றுவது இவர் பொறுப்பு. மின்னட்டும் என்று காத்திருப்பவர் அந்த வேலைக்கு லாயக்கில்லை. வீட்டிலும் அதே ஒழுங்குதான். என் நெற்றியில் கோடு விழுந்ததும் செருப்பை மாட்டிக்கொண்டு டீக்கடைக்குப் போய்விடுவார். எங்களுக்குள் சண்டையே வந்ததில்லை. அது தொடங்கும் நேரத்தில் வீட்டில் நான் மட்டும்தான் இருப்பேன்.

ஜெஸ்லின், அன்பரசனைத்தான் கட்டுவேன் என்கிறாள். இவர் கம்பெனியில் வெடிக்குத் திரி வைக்கும் மாடத்தியின் மகன் அவன். சாத்தூரில் வங்கியில் வேலை. அவர்கள் கோயில், நாங்கள் சர்ச். ஜூன் மாதத்துக்குள் அப்பா சம்மதிக்காவிட்டால் பதிவு அலுவலகத்துக்குப் போய்விடுவோம் என்கிறாள். இதை இவரிடம் சொல்லியாக வேண்டும். ஜெஸ்லின் என்று ஆரம்பிக்கும்போதே எனக்குக் கோடு விழுகிறது, இவர் எழுந்துவிடுகிறார்.

அன்புடன்,
இசபெல்

மதுரை
16 பிப்ரவரி 2025

அடி இசபெல்,

முடியும். க்ரீம் இருக்கிறது, மாதக்கணக்கில் பூசினால் கொஞ்சம் பலன் தெரியும். சின்ன வயதிலிருந்தே குடை பிடித்திருந்தால் அதைவிட அதிகப் பலன். அதை யாரும் டப்பாவில் அடைத்து விற்பதில்லை. உன் கோட்டுக்கு ஊசிதான் சரி. புருவத் தசையைத் தளர்த்திவிடும். மூன்று நான்கு மாதம் நீ எவ்வளவு கோபப்பட்டாலும் நெற்றிக்குத் தகவல் போகாது. பிறகு தானாகப் பழையபடி ஆகிவிடும். டாக்டரம்மா போடுவார், நான் பக்கத்தில் நிற்பேன். கண் டாக்டரைப் பார்க்கப் போவதாகச் சொல்லிவிட்டு வா.

ஒரு சந்தேகம். நேசகுமார் அண்ணன் ஓடுவது கோட்டைப் பார்த்தா, சங்கதி தெரிந்தா?

உன்
ஜெபிஷா

ஆமத்தூர்
30 மார்ச் 2025

அன்புள்ள ஜெபிஷா,

ஊசி வேலை செய்கிறது. வகுப்பில் முறைத்தேன்; பிள்ளைகள் நான் எதையோ யோசிப்பதாக நினைத்துப் பேசாமல் காத்திருந்தார்கள். பிறகு பேச ஆரம்பித்துவிட்டார்கள்.

இவர் பாடுதான் பாவம். காலையில் எழுந்ததும் வானத்தைப் பார்ப்பார், அடுத்து என் நெற்றியைப் பார்ப்பார். இப்போது இரண்டாவதில் ஒன்றும் தெரிவதில்லை. நேற்று சாப்பிட்டுக்கொண்டே கேட்டார்:

"கோவமா இருக்கியா?"

கல்யாணமான நாளிலிருந்து இவர் வாயில் இந்தக் கேள்வி வந்ததில்லை. இல்லை என்றேன். நம்பி, எழுந்து போகாமல் உட்கார்ந்திருந்தார். ஜெஸ்லின் விஷயத்தை முதலிலிருந்து கடைசி வரை சொன்னேன். மீன் முள்ளைத் தட்டின் ஓரத்தில் வரிசையாக அடுக்கிவிட்டுச் சொன்னார்:

"தெரியும். மாடத்தி போன தீவாளிக்கே சொல்லிருச்சு."

"பெறகு ஏன் ஒவ்வொரு தடவையும் எந்திரிச்சுப் போனீக?"

"நீ சொல்லிட்டா நான் பதில் சொல்லணும்ல."

சொல்லிவிட்டுக் கை கழுவி, நிர்மலமான நெற்றியைப் பார்த்துக்கொண்டே டீக்கடைக்குப் போய்விட்டார். உன் சந்தேகம் சரி. ஊசி குத்தியிருக்க வேண்டிய இடம் வேறு என்று இப்போது தோன்றுகிறது.

இசபெல்

மதுரை
6 ஏப்ரல் 2025

அடி இசபெல்,

சிரித்துச் சிரித்து எனக்குக் கோடு விழுந்துவிட்டது. பதில் சொல்லாமல் இருப்பதற்கு எங்கள் கிளினிக்கில் மருந்து இல்லை. அவர் எழுந்து போக முடியாத இடம் எது என்று யோசி.

ஜெபிஷா

ஆமத்தூர்
3 ஜூன் 2025

அன்புள்ள ஜெபிஷா,

அந்த இடத்தை நான் யோசிப்பதற்குள் மாடத்தி கண்டுபிடித்துவிட்டாள்.

போன வாரம் மத்தியானமே மேகம் திரண்டது. இவர் வேலையை நிறுத்தி எல்லாரையும் அறைகளை விட்டு வெளியேற்றினார். வாசல் கேட் பக்கம் கூட்டமாக நின்றார்கள். கடைசி ஆள் வீட்டுக்குப் போகும்வரை போர்மேன் நகரக் கூடாது என்பது கம்பெனி விதி. அந்தக் கடைசி ஆளாக மாடத்தி நின்றுகொண்டாள். பிள்ளைகள் காரியத்துக்குப் பதில் சொன்னால்தான் போவேன் என்றாளாம். மழை வந்ததாம், இடி வந்ததாம், அவள் அசையவில்லையாம்.

நனைந்துகொண்டு வந்தார். துண்டை நீட்டினேன்.

"சரின்னுட்டேன்," என்றார். பிறகு நெடுநேரம் தலையைத் துவட்டினார்.

ஜெஸ்லின் அழுதாள். நானும் அழுதேன், நெற்றி மட்டும் கலந்துகொள்ளவில்லை. அதை இவர் கவனித்துவிட்டதால் ஊசிக் கதையைச் சொல்லவேண்டியதாயிற்று. கோபித்துக்கொள்வார் என்று நினைத்தேன். எங்கே குத்தினார்கள், வலித்ததா, எவ்வளவு நாள் நிற்கும் என்று விவரமாகக் கேட்டார். கம்பெனிக்கு வந்த புதுச் சரக்கை விசாரிப்பது மாதிரி இருந்தது.

நேற்று மல்லாங்கிணற்றிலிருந்து இவருடைய அண்ணன் போன் செய்தார். சர்ச் கமிட்டியில் இருப்பவர். அவர் பேச்சுக்கு இவர் இதுவரை மறுபேச்சுப் பேசியதில்லை. கல்யாணத்தை நிறுத்த நேரில் வருகிறாராம். போனை வைத்துவிட்டு இவர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். செருப்பைத் தேடவில்லை.

"அண்ணன் ஞாயித்துக்கிழமை வாராக. நான் சொல்லுறதச் சொல்லிருதேன். நீ பக்கத்துல இருக்கணும். அதுக்குள்ள உன் நெத்தி பழையபடி ஆயிருமா?"

உடனே பதில் எழுது. போன கோட்டைச் சீக்கிரம் வரவழைக்க ஏதாவது வழி இருக்கிறதா?

அன்புடன்,
இசபெல்