கடைசிப் படகில் ஓர் இடம்

அன்புள்ள அப்பாவுக்கு, பூவிழி எழுதுவது. உங்கள் முட்டிவலியும் அம்மாவின் சர்க்கரையும் அடங்கியிருக்கும் என நம்புகிறேன். போனில் சார்ஜ் இல்லை, அதனால்தான் கடிதம்.

நீண்ட ஆலோசனைக்குப் பின் இன்று ஒரு முடிவெடுத்தேன். என் புதுச் செருப்பை நர்ஸ் வெற்றிச்செல்வியின் பையில் வைத்துப் படகில் ஏற்றிவிட்டேன். நனையாது.

சென்னையில் கொஞ்சம் மழை. எங்கள் ஐ.சி.யு.வுக்குள் கொஞ்சம் தண்ணீர். நோயாளிகளை வேறு ஆஸ்பத்திரிக்குப் படகில் அனுப்பிவிட்டோம். கண்ணையன் மட்டும் பாக்கி. நம் வரதராஜன்பேட்டை முந்திரி வியாபாரிதான், நூற்றுத் தொண்ணூறு கிலோ. உட்கார்ந்தால் படகு சாயுமாம், படுக்கவைத்தால்தான் ஏற்றுவார்களாம். படுத்தால் அவருக்கு மூச்சு நின்றுவிடும். எங்கள் பேரிடர்த் திட்டத்தில் நோயாளி என்றால் எழுபது கிலோ.

"நீ கெளம்பு பாப்பா. எனக்கு டிராக்டர்தான் வரணும்."

"மாஸ்க்கக் கழட்டாதீங்க பெரியப்பா. நான் போயிட்டா சிலிண்டர யாரு மாத்துறது?"

"அப்ப இரு. வூட்டுக்கு மட்டும் சொல்லிடு."

இதோ, சொல்லிவிட்டேன். நாளை பெரிய படகு வரும் என்கிறார்கள். நேற்றும் அதையேதான் சொன்னார்கள்.

செந்துறையிலிருந்து யாராவது வந்தால் ஒரு டார்ச் கொடுத்தனுப்புங்கள். அம்மாவின் பழைய புடவை ஒன்றும் வேண்டும், துவைக்காதது.

வெற்றிச்செல்வி கூப்பிடுகிறாள். இது கடைசிப் படகு. அவள் பக்கத்தில் ஓர் இடம் காலியாக இருக்கிறது. கடிதத்தை அதில் வைக்கிறேன்.