மணமக்கள் பெயர், கட்டாயம்

ஆக. 18, திங்கள்
காலையிலிருந்து சாரல். கரண்டு போவதும் வருவதுமாக. போகும்போதெல்லாம் எங்கள் பலகாரக் கடை வெப்சைட்டில் 'கல்யாணப் பெட்டி' பக்கம் முதலிலிருந்து. சேமித்துக்கொண்டே செய்ய வேண்டும் என்று மண்டைக்குத் தெரியும், கைக்குத் தெரிவதில்லை.

ஒருவழியாக முடிந்தது. கல்யாணத்துக்கு வந்தவர்கள் கையில் கொடுத்துவிட சிறு பெட்டி. உள்ளே ஏத்தங்காய் சிப்ஸ், சர்க்கரை வரட்டி, முந்திரிக்கொத்து. மூடியில் தாமரை, 'மணமக்கள் வாழ்க', கீழே இரண்டு பேர் பெயர். மணமகன், மணமகள் கட்டங்கள் இரண்டும் கட்டாயம். நிரப்பாவிட்டால் பணம் கட்டும் பக்கத்துக்கே விடாது. போன வாரம் ஒருவர் பெயரே கொடுக்காமல் ஆர்டர் போட்டுவிட்டு என்னிடம் சண்டைக்கு வந்தார். அதற்காகத்தான் இந்தப் பூட்டு.

அப்பா கடையிலிருந்து வந்து பார்த்தார். "தாமரை கொள்ளாம், நல்லாருக்கு. நம்ம கடை எங்க?"
கடை போர்டு படத்தைச் சேர்த்தேன்.
"சின்னதா இருக்கே."
பெரிதாக்கினேன்.
"இப்போ தாமரைய காணல்லியே."
கணினியை மூடிவிட்டுக் குளிக்கப் போனேன்.

ஆக. 19, செவ்வாய்
மழை இல்லை. புழுக்கம்.
வேலை: விலை மாற்று. முந்திரிக்கொத்து படம் மங்கல், வேறு எடு. பிரிண்டர் மை. தலைக்கு எண்ணெய்.

இவ்வளவு பாடுபட்டுப் பக்கம் செய்தாலும் எல்லாருக்கும் போன்தான். குலசேகரத்துப் பெரியம்மை: "மக்கா, அந்தப் படத்துல உள்ளது ஒரு பத்து அனுப்பு."
எந்தப் படம்?
"நீ போட்ட படம்தான்."
கீழே பொத்தான் இருக்கிறது, அழுத்துங்கள் என்றேன்.
"அழுத்துனா காசு போயிராதா?"
போகத்தானே பெரியம்மை கடை!

மாலையில் அப்பாவின் புது உத்தரவு. "கல்யாணத்துக்கு மட்டும் போட்டா எப்பிடி? பதினாறு அடியந்திரத்துக்கும் ஆளு கேக்குல்லா." சாவு வீட்டில் பதினாறாம் நாள் வருகிறவர்களுக்கும் பலகாரம் கொடுத்துவிடுகிறார்கள், சரிதான். ஆனால் இன்றைக்கே வேண்டுமாம். புதிதாகச் செய்ய யாருக்குப் பொறுமை? கல்யாணப் பக்கத்தை நகல் எடுத்தேன். மேலே தலைப்பை மாற்றி, தாமரைக்குப் பதில் குத்துவிளக்கு. முடிந்தது.
"இவ்வளவுதானா? இதுக்கா நேத்து அந்தக் குதி குதிச்ச?"
பிரிண்டர் மை வாங்கக் கிளம்பினேன்.

ஆக. 22, வெள்ளி
நல்ல வெயில். ஆர்டர் மூன்று! மூன்றும் பக்கம் வழியாகவே. பெரியம்மைக்குக் காட்ட வேண்டும்.

ஒன்று மஸ்கட்டிலிருந்து போட்டது, அருமனைக்குப் போக வேண்டும். மூடியில் பெயர்: தங்கப்பன், சரோஜா. இந்தக் காலத்து மாப்பிள்ளைக்குத் தங்கப்பன் என்றா பெயர் வைப்பார்கள்? அம்மாவிடம் சொல்லிச் சிரித்தேன்.
"தாத்தன் பேரா இருக்கும். உனக்கு வரப்போறவன் பேரு என்னவோ, ரொம்பச் சிரிக்காத."
ஸ்டிக்கர் அடித்து, ஒட்டி, வண்டியில் ஏற்றியாயிற்று. முதுகு வலி.

ஆக. 24, ஞாயிறு
காலையில் அருமனையிலிருந்து போன். ஆண் குரல். இன்னும் காதில் கேட்கிறது.
"நீங்கல்லாம் மனுசங்களா? எங்க அத்தான் செத்து இண்ணைக்கு பதினாறு. பெட்டியப் பிரிச்சா மணமக்கள் வாழ்கண்ணு போட்டிருக்கு. பந்தல் நிறைய ஆளு. எங்க அக்கா மூஞ்சிய நான் எப்பிடிப் பாக்க?"
வைத்துவிட்டார்.

ஓடிப்போய்ப் பக்கத்தைத் திறந்தேன். தலைப்பையும் படத்தையும் மாற்றியவள் மற்றதைத் தொடவே இல்லை. மணமகன் கட்டம், மணமகள் கட்டம், மூடி வாசகம், எல்லாம் கல்யாணப் பக்கத்தில் இருந்தபடியே. ஆர்டர் வந்தபோது எந்தப் பக்கம் என்று பார்க்கவும் இல்லை. பெயரைப் பார்த்துச் சிரிக்க மட்டும் தெரிந்தது.

மஸ்கட்டிலிருந்து இறந்தவரின் மகன் குரல் செய்தி அனுப்பியிருந்தான். லீவு கிடைக்கவில்லையாம், பெட்டியாவது போகட்டும் என்று போட்டானாம். "பேரு போடாம விடமாட்டேண்ணு நிண்ணுது. மணமகன், மணமகள்ணு இருந்ததப் பாத்து எனக்கும் ஒரு மாதிரிதான் இருந்துது. செரி, வீட்டு ஆளு பேரு கேக்குதுண்ணு அப்பா பேரும் அம்மா பேரும் போட்டேன்." திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

அடியந்திரப் பக்கத்தை மூடினேன். அப்பா: "நாளைக்கு நேர்ல போவோம்."

ஆக. 25, திங்கள்
மழை. அப்பாவோடு பஸ். அருமனையில் இறங்கி ரப்பர் தோட்டம் வழியாக நடை. செருப்பெல்லாம் சேறு.

போனில் கத்தியவர்தான் வாசலில் நின்றார். "இனி எதுக்கு வந்திய?"
உள்ளேயிருந்து சரோஜா அம்மாவின் குரல். "எலேய், அவங்கள உள்ள விடு."

நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள், மடியில் ஒரு பெட்டி மூடி. மற்ற ஸ்டிக்கர்களை எல்லாம் உரித்து எரித்துவிட்டார்களாம்.
"நீதான் இத அடிச்சியா பிள்ளே?"
மன்னித்துவிடுங்கள் என்று சொல்லத் தொடங்கினேன். அழுகைதான் வந்தது.

"எங்க கல்யாணத்துக்கு பத்திரிகை அடிக்கல்ல மக்கா. ரெண்டு வீட்டுலயும் சம்மதம் இல்ல. ரிஜிஸ்டர் ஆபீஸ்ல கையெழுத்துப் போட்டுட்டு பஸ் ஏறி வந்தோம். இவன்கூட வரல்ல." தம்பியைக் காட்டினார்கள். அவர் முற்றத்து மழையைப் பார்த்துக்கொண்டு நின்றார். "எங்க ரெண்டு பேரு பேரையும் இப்பிடி சேத்து அச்சடிச்சு இப்பதான் காணுதேன்."

மூடியை வெளிச்சத்தில் திருப்பினார்கள். 'தங்கப்பன்' மேல் எண்ணெய் இறங்கியிருந்தது.
"கறை இல்லாம ஒண்ணு அடிச்சுத் தருவியா?"

ஆக. 26, செவ்வாய்
கரண்டு இப்போதுதான் வந்தது. பெரியம்மை இரண்டு தடவை கூப்பிட்டாள், எடுக்கவில்லை. முதலில் அந்த மூடி.
தாமரையை வைக்கவா, எடுக்கவா என்று அப்பாவிடம் கேட்டேன்.
"வை. ரெண்டா அடி. ஒண்ணு மஸ்கட்டுக்கு."