நனையக் கூடாத இறக்கைகள்

சிலோயே, கீழைத் தீவு
1957 செப்டம்பர், மழை சற்றே ஓய்ந்த ஞாயிறு

அன்புத் தங்கை எதெல்மிராவுக்கு,

ஆண்டவர் இயேசுவின் சமாதானம் உன்னோடு இருக்க வேண்டி அக்காள் தோமிதிலா எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் சுகம். நீயும் சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். உன் கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லாததால் நம்பத்தான் வேண்டியிருக்கிறது.

பெட்டியை அனுப்பச் சொல்லி எழுதியிருந்தாய். ஆட்டுப் பண்ணையில் சமையல் வேலையை நிரந்தரமாக்கிவிட்டார்கள், இனி தெற்குக் கோடியிலுள்ள புந்தா அரேனாஸ்தான் உன் ஊர், அதனால் கம்பளிகளையும் அம்மாவின் தறிக் கட்டைகளையும் பெட்டியில் வைத்துக் கப்பலில் ஏற்றிவிடு என்று. மூன்றே வரி. பலசரக்குக் கடைக்குக்கூட நாம் அதைவிட நீளமாக எழுதுவோம். படித்ததும் கோபம் வந்தது. பிறகு அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன். கோபமும் அழுகையும் எனக்கு எப்போதும் ஒன்றன்பின் ஒன்றாகத்தான் வரும், உனக்குத் தெரியாததா.

உருளைக்கிழங்கு விதைக்க நிலத்தைக் கிளறியாகிவிட்டது. போன வருடம் கருகல் நோய் வந்ததால் இந்த முறை மேட்டு நிலத்தில் போடுகிறோம். உன் பன்றி மறுபடியும் வேலியை உடைத்துக்கொண்டு மருத்துவச்சி கர்மேலாவின் பூண்டுப் பாத்தியில் போய்ப் படுத்துவிட்டது. "உங்க வீட்டுப் பன்னி உங்க வீட்டு ஆளுங்க மாதிரியே இருக்கு தோமிதிலா, நாலு தடவ சொன்னாலும் காதுல ஏறாது" என்று வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போனாள். நான் போய்ப் பன்றியை ஓட்டிக்கொண்டு வந்தேன். முன்பு போல் அவளிடம் சண்டை போட எனக்கு மனம் வருவதில்லை. ஏன் என்பதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். உன் புருஷன் பெலார்மினோவைப் பற்றிய பேச்சு என்று தெரிந்தவுடன் மடித்து வைத்துவிடாதே. கடைசிவரை படி. எனக்காகப் படி.

எதிர்க்கரை மெலானியாவை மறந்திருக்க மாட்டாய், சிறுவயதில் கோவிலில் உன்னோடு புதுநன்மை வாங்கியவள். அவளுடைய மகன் செல்சோ போன மாதம் கக்குவான் இருமலில் போய்விட்டான். இரண்டு வயதுகூட நிறையவில்லை. அதைச் செய்ய வேண்டிய ஞானத்தாய் ஊரில் இல்லாததால், பரலோகம் போகும் பிள்ளைக்குக் காகித இறக்கை வெட்ட என்னைக் கூப்பிட்டார்கள். உன் பிள்ளை நியேவெஸுக்கு வெட்டிய கையால் இனி யாருக்கும் வெட்டக் கூடாது என்று இருந்தேன். ஆனால் இழவு வீட்டில் கேட்கும்போது எப்படி மாட்டேன் என்பது? வெள்ளைக் காகிதத்தை மடித்து வெட்டி, மாவுப் பசை காய்ச்சி ஒட்டினேன். கை அதன் பாட்டுக்கு வேலை செய்தது. மனம் உன் வீட்டில் இருந்தது.

உயிர் போன நியேவெஸுக்கு வெள்ளைச் சட்டை போட்டு, இறக்கை ஒட்டி, நாற்காலியில் உட்கார வைத்த அந்த நாளை நீ மறந்திருக்க மாட்டாய், நானும் மறக்கவில்லை. கர்மேலா உன் தோளோடு தோளாக நின்றாள். உன் உதடு துடிக்கும்போதெல்லாம் குனிந்து, "அழாத மகளே. நீ அழுதா புள்ளையோட றெக்க நனைஞ்சிரும். பரலோகம் போய்ச் சேராம பாதி வழில நின்னுரும்" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். கெட்ட எண்ணத்தில் யாரும் அதைச் சொல்வதில்லை. நம் அம்மாவுக்கும் சொன்னார்கள், அம்மாவின் அம்மாவுக்கும் சொல்லியிருப்பார்கள். நீ அழவில்லை. உதட்டைக் கடித்து இரத்தம் வரவைத்துக்கொண்டாய், ஆனால் அழவில்லை. ஊரே உன்னைப் புகழ்ந்தது. அந்தப் புகழ்ச்சியை நினைத்தால் இப்போது எனக்கு வெட்கமாக இருக்கிறது.

பிறகு நீ பெலார்மினோவைப் பார்த்தாய். பெண்டாட்டி புருஷனைப் பார்ப்பதுபோல் அல்ல, ஊர்க்காரி உபதேசியாரைப் பார்ப்பதுபோல். "அம்மாம் பெரிய பரலோகத்துல அவருக்கு என்ன கொறச்சல்னு எம் புள்ளைய எடுத்தாரு?" என்று கேட்டாய். இழவுப் பாட்டுக்குக் கிதார் வாசித்துக்கொண்டிருந்தவன் கையை எடுத்துவிட்டான். பெலார்மினோ எல்லா இழவு வீட்டிலும் சொல்வதையே சொன்னார். "ஆண்டவரோட தோட்டத்துக்கு ஒரு பூ வேணும்னு இருந்துது எதெல்மிரா. இருக்கறதுல நல்ல பூவாப் பாத்துப் பறிச்சுக்கிட்டாரு." நீ, "நம்ம செடில பூத்ததே ஒண்ணுதான். அது அவருக்குத் தெரியாதா?" என்றாய். அதன்பின் அவருக்குச் சமைத்தாய், துவைத்தாய், உப்புப் போதுமா என்று கேட்டாய். வேறு எதுவும் பேசவில்லை. ஆட்டு ரோமம் வெட்டப் போகும் கூட்டத்தோடு நீயும் கப்பல் ஏறிவிட்டாய்.

இப்போது செல்சோவுக்கு வருகிறேன். வீட்டில் செபமாலை நடந்தது. பெலார்மினோதான் முன்னின்று சொன்னார். முடிந்ததும் எல்லோரும் அந்தப் பூ வார்த்தைக்காகக் காத்திருந்தோம். அவர் செபமாலை மணிகளையே உருட்டிக்கொண்டிருந்தார். கர்மேலா பொறுக்காமல், "உபதேசியாரே, தோட்டத்தப் பத்திச் சொல்லலியே" என்று எடுத்துக் கொடுத்தாள். "தொண்ட கட்டியிருக்கு தாயி" என்று சொல்லிவிட்டு இன்னொரு செபமாலையை ஆரம்பித்துவிட்டார். தொண்டை நன்றாகத்தான் இருந்தது. முழங்காலில் இருந்த எல்லோருக்கும் கால் மரத்துப் போனது, அதுவேறு.

அடக்கம் செய்யக் கோவிலுக்குப் படகில் போனோம். செல்சோவின் தகப்பன் ரோசாவ்ரோ துடுப்புப் போட்டான். பெலார்மினோ சிலுவையோடு முன்பக்கம் நின்றார். திறந்த சவப்பெட்டியில் குழந்தை, ஒரு பக்கம் மெலானியா, மறுபக்கம் கர்மேலாவும் நானும். மெலானியா தன் சால்வை நுனியை வாயில் அடைத்துக்கொண்டு, அடைத்த இடத்திலேயே கையை வைத்திருந்தாள். உன்னைத்தான் பார்த்தேன் அவளில்.

கடல் கால்வாயின் நடுவில் மழை பிடித்துக்கொண்டது. நம் ஊர் மழை எப்படி என்று உனக்கு நான் சொல்ல வேண்டாம். கர்மேலா தன் சால்வையை உருவி, "றெக்க, றெக்க, மூடுங்க" என்று பெட்டிமேல் விழுந்தாள். ரோசாவ்ரோ துடுப்பைப் போட்டுவிட்டுக் கோட்டைக் கழற்ற ஆரம்பித்தான். படகு அலைக்குக் குறுக்கே திரும்பிவிட்டது. இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் எல்லோருமே பரலோகம் போயிருப்போம், இறக்கை இல்லாமல். ஒன்றும் பயனில்லை. மாவுப் பசை கரைந்தது. ஒரு இறக்கை கழன்று படகின் பலகையில் ஒட்டிக்கொண்டது. இன்னொன்று குழந்தையின் கையின்மேல் நைந்துபோய்க் கிடந்தது. மெலானியா அதையே பார்த்தாள். தன் பிள்ளை பாதி வழியில் நின்றுவிட்டது என்று அவள் நினைத்ததை அவள் முகத்தில் நான் படித்தேன். அப்படி ஒரு முகத்தை நான் இனிப் பார்க்கக் கூடாது.

பெலார்மினோ சிலுவையைக் கிடத்திவிட்டுத் தொப்பியைக் கழற்றினார். படகின் நடுவில் வந்து உட்கார்ந்து கர்மேலாவின் கையைப் பிடித்தார்.

"விடுங்க தாயி. மூடாதீங்க."

"நனையுதே உபதேசியாரே."

"நனையட்டும். யாரு நனைச்சது? மெலானியாவா நனைச்சா? மேலேர்ந்துதான வருது. நனைஞ்ச றெக்க ஆகாதுன்னு அவர் சொல்றதா இருந்தா, இந்தத் தீவுலேர்ந்து ஒரு புள்ளகூட அவர்கிட்டப் போயிருக்காது. ஏன் எடுத்தாருன்னு எங்கிட்டக் கேக்காதீங்க, எனக்குத் தெரியாது. ஆனா அழறவள அழ வேணாம்னு அவர் சொல்லல. நாமதான் சொன்னோம். அழு மகளே. நீ அழு."

மெலானியா அழுதாள். அந்தச் சத்தத்தைப் பற்றி எழுத மாட்டேன். பெலார்மினோவும் அழுதார். செல்சோவுக்காக அல்ல. நியேவெஸ், நியேவெஸ் என்று நம் பிள்ளையின் பெயரைச் சொல்லிச் சொல்லி அழுதார். கர்மேலா சால்வையை மடியில் வைத்துக்கொண்டு, "எனக்கு நாலு போச்சு. நாலுக்கும் நான் அழல. இனி எங்க போய் அழுவேன்" என்று கேட்டாள். யாரிடம் கேட்டாள் என்று தெரியவில்லை. அவளும் அழத் தொடங்கினாள். கடற்பறவைகள் அதே மழையில் எங்கள் தலைக்குமேல் பறந்துகொண்டிருந்தன. ரோசாவ்ரோ ஒருவன்தான் அழாமல் துடுப்பைத் தேடி எடுத்தான், யாராவது கரை சேர்க்க வேண்டுமே.

பெலார்மினோவை நான் கல்நெஞ்சுக்காரர் என்று நினைத்திருந்தேன், உன்னிடமும் சொல்லியிருக்கிறேன். அவர் கல் இல்லை எதெல்மிரா. உபதேசியார் என்றால் பதில் வைத்திருக்க வேண்டும் என்று ஊர் நினைத்தது, அவரும் நினைத்தார். தன் வீட்டுக்கே பதில் தேவைப்பட்ட நாளில், கையில் இருந்ததை எடுத்துக் கொடுத்துவிட்டார். அது பூ. அன்று உனக்குத் தேவைப்பட்டது உன் புருஷன்.

போன வாரம் தீவு தீவாகப் போய்ச் செய்யும் சுற்றுப் பூசைக்குச் சாமியார் வந்திருந்தார். இளவயது, நல்லவர். குற்றமில்லாத பிள்ளைகளுக்கு ஏன் இப்படி என்று பெலார்மினோ கேட்டார். ஆதியில் வந்த பாவத்தைப் பற்றியும், மனிதனுக்கு ஆண்டவர் கொடுத்த சுதந்திரத்தைப் பற்றியும், துன்பத்தில் விசுவாசம் புடமிடப்படுவதைப் பற்றியும் சாமியார் பொறுமையாக விளக்கினார். பெலார்மினோ கடைசிவரை கேட்டுவிட்டு, "நீங்க சொல்றது எல்லாம் சரியாத்தான் இருக்கும் சாமி. ஆனா அத அந்தப் படகுல வெச்சுச் சொல்ல முடியுமா?" என்றார். சாமியார் கையிலிருந்த செபப் புத்தகத்தை மூடினார். பிறகு, "முடியாது" என்றார். அந்த ஒரு சொல்லுக்காக அவருக்கு ஒரு கூடை கடல்மட்டி கொடுத்து அனுப்பினேன்.

நான் படித்தவள் இல்லை. ஆனால் கோவிலில் வியாகுல மாதாவின் கன்னத்தில் இருக்கும் கண்ணாடிக் கண்ணீரைத் தூசி தட்டும்போது யோசிக்கிறேன். அழுகிற தாய்க்கு மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வந்து, அழுகிற தாயை வாயை மூடச் சொல்லியிருக்கிறோம். நம் ஆண்டவரும் செத்துப்போன நண்பனின் கல்லறை வாசலில் அழுதார். கொஞ்ச நேரத்தில் அவனை எழுப்பப் போகிறோம் என்று தெரிந்தும் அழுதார். அவனுடைய சகோதரிகளுக்குத் தோட்டத்தையும் பூவையும் சொல்லவில்லை. காரணம் தெரிந்தவர் அழுதார். காரணம் தெரியாத நாம்தான் காரணம் சொல்லிக்கொண்டிருந்தோம். இதை அன்றைக்கே யாராவது ஒருவர் நினைத்திருந்தால் நீ இன்று யாருக்கோ ஆட்டுக்கறி சமைத்துக்கொண்டிருக்க மாட்டாய். நினைக்க நினைக்க ஆறவில்லை.

நீ பெட்டி கேட்டதைப் பெலார்மினோவிடம் சொன்னேன். சண்டை போடுவார் என்று பார்த்தேன். பரணில் ஏறிப் பெட்டியை இறக்கினார். துடைத்தார். கீலுக்குக் கொழுப்புத் தடவினார். கம்பளிகளை வெயில் வந்த நேரத்தில் காயப்போட்டு மடித்து வைத்தார். நியேவெஸின் கம்பளிக் காலுறைகளை மட்டும் கையில் வைத்துக்கொண்டு, உள்ளே வைப்பதா வெளியே வைப்பதா என்று தெரியாமல் நின்றார். ஒரு காலுறையை உள்ளே வைத்தார். மற்றதைத் தன் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

நீங்களும் ஏதாவது எழுதச் சொல்லுங்கள் என்றேன். வேண்டாம் என்று வாசல்வரை போனவர் திரும்பி வந்தார். "மதினி, அவ அன்னிக்குக் கேட்டாளே, ஏன்னு. எனக்குத் தெரியாதுன்னு எழுதுங்க. இப்பவும் தெரியல. அன்னிக்கே அதச் சொல்லிட்டு அவ பக்கத்துல உக்காந்திருக்கணும்." அவ்வளவுதான் சொன்னார். திரும்பி வா என்று எழுதச் சொல்லவில்லை. அதைக் கேட்கத் தனக்கு உரிமை இல்லை என்று நினைக்கிறார் போலிருக்கிறது. எனக்கு உரிமை இருக்கிறது, நான் கேட்கிறேன்.

பெட்டி கதவருகில் தயாராக இருக்கிறது. அந்தப் பண்ணைதான் உன் இடம் என்று இதையெல்லாம் படித்த பிறகும் தோன்றினால் எழுது, அடுத்த கப்பலில் ஏற்றிவிடுகிறேன், இன்னொரு வார்த்தை கேட்க மாட்டேன். இல்லையென்றால், நீயே வந்து எடுத்துக்கொள். எடுத்துக்கொண்டு திரும்பிப் போனாலும் சரி. ஒரு நாள் வந்து நியேவெஸின் சிலுவைக்கு முன்னால் உட்கார். இந்த முறை உன் தோளருகில் நான்தான் நிற்பேன், ஒன்றும் சொல்ல மாட்டேன்.

தன் மகனை மடியில் கிடத்தி அழுத மாதா உன்னைத் தன் கைக்குள் வைத்துக் காக்கட்டும். நீ வரும் நாளில் துறையில் ஊரே நிற்கும், கர்மேலாவும் நிற்பாள். அவர்களுக்காக முகத்தைத் துடைத்துக்கொண்டு இறங்காதே, என் கண்ணே. அப்படியே இறங்கு.

உன் வரவுக்குக் காத்திருக்கும்
அக்காள் தோமிதிலா