வரிசையில் நின்ற ஏழு செய்திகள்

இன்று காலை புத்தூர் அலுவலகத்தில் அந்தப் பழைய கம்ப்யூட்டரின் பக்கத் தகட்டைக் கழற்றித் தூசி துடைத்தேன். சூடேறிய தூசியின் வாசனை மூக்கில் ஏறியதும் கை நின்றுவிட்டது. நீ இதை முதன்முதலாகத் திறந்த நாளிலும் இதே வாசனைதான். நகரியிலிருந்து ஆட்டோவில் வந்திருந்தாய், வயிற்றைக் கையால் தாங்கிக்கொண்டு. உட்காரச் சொன்னதற்கு, "உக்காந்தா வலிக்குது அக்கா, நின்னுக்கினே பண்றேன்" என்றாய்.

அப்போது நீ எங்கள் நோயாளி. சென்னையில் கம்ப்யூட்டர் வேலையில் இருந்தவள், புற்றுநோய் முற்றிய பிறகு அம்மாவிடம் திரும்பி வந்திருந்தாய். நான் வீடு வீடாகப் போய் வலிக்கு மருந்து கொடுத்து, புண்ணுக்குக் கட்டுப் போடும் நர்ஸ். ஒருநாள் உன் புண்ணைப் போனில் படமெடுத்து, ஊரெல்லாம் பயன்படுத்தும் ஓர் ஆப்பில் திருப்பதி டாக்டருக்கு அனுப்பினேன். "என் புண்ணு போட்டோ இப்ப எவனோட கம்ப்யூட்டர்ல கீது?" என்று கேட்டாய். எனக்குத் தெரியவில்லை. அப்படி ஒரு கேள்வி அதுவரை தோன்றியதும் இல்லை.

அதற்குப் பிறகுதான் அலுவலகத்தில் சும்மா கிடந்த இந்தக் கம்ப்யூட்டரில் எங்களுக்கென்று ஒரு சாட் மென்பொருளைப் போட்டுக் கொடுத்தாய். "இத எழுதனவங்க எல்லாருக்கும் தொறந்து வெச்சிட்டாங்க அக்கா. பொட்டி நம்மளுது, பேச்சும் நம்மளுது." அதற்குள் நகரிக்கு ஓர் அறை, நாராயணவனத்துக்கு ஓர் அறை. தெலுங்கு பேசும் நர்ஸுகளுக்குத் தெலுங்கில், எனக்குத் தமிழில். நோயாளிகளும் அவர்கள் வீட்டாரும் உள்ளே வந்து எழுதலாம். விதி ஒன்றே ஒன்று வைத்தாய்: "கட்டுப் போட்டுக்கினு இருக்கும்போது போன் அடிச்சா கை ஆடும். அவசரம்னாலும் மெசேஜ்தான்."

எனக்கும் ஒரே ஒரு வேலைதான் கொடுத்தாய். திங்கட்கிழமைதோறும் டிஸ்கில் எவ்வளவு இடம் மிச்சம் என்று பார்க்க வேண்டும். "ரொம்பிடுச்சின்னா எல்லாம் நின்னுடும். நான் படுத்துட்டா நீதான் பாக்கணும்."

நீ படுத்துவிட்டாய். நான் இரண்டு திங்கட்கிழமைகள் பார்க்கவில்லை. காரணம் சொல்ல ஒன்றுமில்லை. மறந்துவிட்டேன்.

அன்று மதியம் இரண்டு மணிக்கு உன் அம்மா போன் செய்தார். "சிஸ்டரு, பாப்பா காலைல ஒம்பது மணிலேர்ந்து துடிச்சிக்கினு கீது. மாத்திர வாந்தில போயிடுச்சி. போன் பண்றேன்னா வுட மாட்டேங்குது, 'மெசேஜ் போட்டுட்டேன், வருவாங்க'ன்னுது. ஏம்மா வரல நீங்க?"

போனைப் பார்த்தேன். ஒரு செய்தியும் இல்லை. மேலே சின்ன எழுத்தில் 'இணைக்கிறது' என்று மட்டும் இருந்தது. எப்போதிலிருந்து அப்படி இருந்தது?

நான் வந்தபோது நீ சுவரோடு சுருண்டு, துப்பட்டாவைக் கடித்துக்கொண்டு கிடந்தாய். டாக்டரிடம் கேட்டு ஊசி போட்டேன். கொஞ்ச நேரம் கழித்து உன் தாடை தளர்ந்தது. நீ பேசிய முதல் வார்த்தை, "டிஸ்க் ரொம்பிடுச்சா?"

ஆமென்று தலையாட்டினேன். நீ திட்டியிருக்கலாம். "லேப்டாப்ப எடு, இங்கேர்ந்தே புத்தூர் பொட்டிக்குள்ள போலாம்" என்றாய். படுத்தபடியே எழுத்து எழுத்தாகச் சொன்னாய், நான் தட்டினேன். கண்ணீரில் திரை தெரியவில்லை. "ஒரு ஸ்பேஸ் வுட்டுட்ட அக்கா" என்று திருத்தினாய். குப்பையாகச் சேர்ந்திருந்த பழைய கோப்புகளை அழித்து, மறுபடி ஓடவிட்டோம்.

அப்போது என் பையில் போன் ஒலித்தது. மறுபடி ஒலித்தது. ஏழு தடவை. காலையிலிருந்து உன் போனில் போக முடியாமல் வரிசையில் நின்ற உன் செய்திகள்.

"படிக்காத அக்கா" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாய்.

படிக்கவில்லை. மூன்றாம் நாள் நீ போய்விட்டாய். நோய் அதன் கணக்குப்படி போயிற்று, இதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று டாக்டர் சொன்னார். இருக்கலாம். ஆனால் அந்த ஐந்து மணி நேரத்தை உனக்குக் கொடுத்தது நோய் இல்லை, நான். அதை நான் எங்கே கொண்டுபோய் வைப்பேன்?

இப்போது தினமும் காலையில் டிஸ்கைப் பார்க்கிறேன். பார்த்த பிறகும் நம்பிக்கை வராமல் மறுபடி பார்க்கிறேன். உன் விதியை எடுத்துவிட்டேன். புதிதாகச் சேரும் ஒவ்வொரு வீட்டிலும் சுவரில் என் எண்ணை எழுதி, "பதில் வரலன்னா போன் அடிங்க, நான் எந்த வேலைல இருந்தாலும் அடிங்க" என்று கெஞ்சாத குறையாகச் சொல்லிவிட்டு வருகிறேன். சொல்லி முடித்து வாசல் தாண்டும்போதெல்லாம், இதை உன் வீட்டில் சொல்லவில்லையே என்று திரும்பி அந்த எண்ணைப் பார்க்கிறேன்.

உன் காரியமெல்லாம் முடிந்த அன்று, புத்தூர் பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டு அந்த ஏழு செய்திகளையும் படித்தேன். முதல் ஆறும் வலிதான். வரவர வார்த்தைகள் குறைந்து, ஆறாவதில் வெறும் 'அக்கா'. ஏழாவதை மட்டும் நிதானமாக, ஓர் எழுத்துப் பிழையில்லாமல் எழுதியிருந்தாய்.

"பரவால்ல அக்கா. வேற யாருக்கோ இன்னும் ஜாஸ்தி வலி போல. அவங்கள பாத்துட்டே வா."

அன்று வேறு யாருக்கும் வலி இல்லை. காலையிலிருந்து ஒரு செய்தியும் வரவில்லை என்ற சந்தோஷத்தில், நாராயணவனத்தில் வண்டியை நிறுத்தி, நானும் கூட வந்த நர்ஸும் டீ குடித்துக்கொண்டிருந்தோம்.