கல்யாண நாளுக்குக் கடைச் சாப்பாடு

என் இன்ஷிராஹ்,

நீ தூங்குகிறாய். கெய்ரோ ரயிலுக்குக் கிளம்புமுன் இதை எழுதி வைக்கிறேன். நேரில் சொன்னால் பாதியில் குரல் உடைந்துவிடும்.

நேற்று நம் கல்யாண நாளுக்கு நான் எதையும் சமைக்கவில்லை. சுட்ட கோழி, சோறு வைத்த திராட்சை இலைச் சுருள், கத்தரிக்காய் ஊறுகாய் எல்லாமே டிராம் நிறுத்தத்துக் கடையில் வாங்கியவை. உன் நல்ல தட்டுகளில் மாற்றி வைத்து, மெழுகுவத்தி ஏற்றினேன். நீ பார்த்தவுடனே கண்டுபிடித்துவிட்டாய்.

"ஏன் மெத்ஹத், கடையையே தூக்கிட்டு வந்துட்டியா?"

"பேசாம உக்காரு, மகாராணி."

உன் நோய்க்கான அந்த ஊசிகள் தொடங்கியதிலிருந்து எதைத் தின்றாலும் மண்ணாக இருக்கிறது என்று டாக்டரிடம் மட்டும்தான் சொன்னாய்; அவர்தான் என் காதில் போட்டார். என்னிடம் ஐந்து மாதமாக எல்லாவற்றையும் "நல்லாருக்கு" என்றே விழுங்கினாய்.

நேற்று இரண்டாவது சுருளைக் கடித்ததும் முகம் சுளித்தாய்.

"சீ, உப்பே இல்ல! இதையா வரிசைல நின்னு வாங்கின?"

உப்பு எடுக்கப் போனவனை ஏன் இவ்வளவு நேரம் என்று அதட்டினாய். டப்பா கிடைக்கவில்லை என்றேன். டப்பா கையில்தான் இருந்தது. உப்பில்லை என்பது உன் நாக்குக்குத் தெரிந்துவிட்டதே என்று சுவரைப் பார்த்து நின்று அழுதுகொண்டிருந்தேன்.

வெள்ளிக்கிழமை வந்துவிடுவேன். என் சமையலையும் இனி வாய்விட்டுத் திட்டு.

உன் வீட்டுக்காரன்