பட்டியில்லாமல் பிடித்த கம்பி

இன்று வவுனியாவில் போட்டி முடிந்ததும் பிடி வழுக்காமலிருக்கக் கையில் பூசிய வெள்ளைப் பவுடரைக் குழாயடியில் கழுவினேன். ஈரம் பட்டதும் மெல்லிய சுண்ணாம்பு மணம் வந்தது. உடனே நீ நினைவுக்கு வந்தாய். ஐம்பத்தைந்து கிலோவைத் தலைக்கு மேல் தூக்கிவிட்டேனடி. மூன்றாம் இடம்தான். ஆனாலும் என் விரல்களாலேயே பிடித்தேன்.

கிளிநொச்சியில் நாம் இருவரும் ஒரே நாளில்தான் பளுதூக்கப் பழகத் தொடங்கினோம். வயல்வேலையில் காய்த்த கை உனக்கு. எனக்கோ காலில் பலம் இருந்தது, பிடியில் இல்லை. பெருவிரலைக் கம்பியோடு வைத்து, அதன்மேல் மற்ற விரல்களை மடக்கி இறுக்க வேண்டும். அந்த நோவுக்குப் பயந்தேன். நெல் அறுக்க நீ அருவிவெட்டுக்குப் போயிருந்த மாதம் நான் தனியே பழகினேன். மணிக்கட்டையும் கம்பியையும் சேர்த்துச் சுற்றும் கைப்பட்டியைப் போட்டுக்கொண்டேன். விரல் தளர்ந்தாலும் பட்டி கம்பியை விடாது. போட்டியில் அதற்கு அனுமதியில்லை. பின்னேரங்களில் நீ போன் எடுத்து, இன்று எவ்வளவு தூக்கினாய் என்று கேட்பாய். நான் கிலோவைச் சொல்வேன், பட்டியைச் சொல்லமாட்டேன். உனக்கு அவ்வளவு சந்தோஷம்.

அதை நம்பித்தான் மாவட்டப் போட்டியில் என் ஆரம்ப எடையை எழுதிக் கொடுத்தாய். மூன்று முறையும் கம்பி என் கையிலிருந்து கழன்று விழுந்தது. எங்களைப் பழக்கிய மாஸ்டர் கோபத்தோடு வந்தார். எடையைக் கூட்டிப் போட்டது உன் பிழை என்று நீ சொன்னாய். நான் பக்கத்தில்தான் நின்றேன். வாய் திறக்கவில்லை.

இரண்டு மாதம் உன்னைப் பார்க்காமல் ஒளித்துத் திரிந்தேன். பிறகு ஒரு ஞாயிறு காலை, தாங்கமுடியாமல் வட்டக்கச்சியில் உன் வீட்டுக்குச் சைக்கிளில் வந்தேன். முற்றத்தில் அவித்த நெல்லைக் காயப்போட்டு, காலால் துழாவிக்கொண்டு நின்றாய். நின்ற நிலையிலேயே எல்லாவற்றையும் சொன்னேன்.

"தெரியும். அண்டைக்கே உன்ர மணிக்கட்டில பட்டித் தழும்பைக் கண்டனான்" என்றாய்.

பிறகேன் கேட்கவில்லை என்றேன்.

"கேட்டா இன்னொரு பொய் சொல்லியிருப்பாய். நீயா வரட்டும் எண்டு இருந்தனான்."

நான் அழ, நீ போய் இரண்டு துவாயை நனைத்துக்கொண்டு வந்தாய். மாமரக் கொப்பில் போட்டு, பிடி பலக்க அவற்றைப் பிடித்துத் தொங்கச் சொன்னாய். அதன்பிறகு தினமும் வந்தேன். இரும்புத் தட்டுகளை விரல்நுனியால் கிள்ளித் தூக்கி முற்றத்தைச் சுற்றி நடந்தோம். பெருவிரல் தோல் உரிந்தபோது, "இப்பதான் இது உன்ர கை" என்றாய்.

மூன்று கிழமைதான். சிறுபோக நெல்வேலைக்கு வயலில் இறங்கிய உனக்கு எலிக்காய்ச்சல். ஆஸ்பத்திரிக்கு நான் வந்து சேர முன்னமே நீ போய்விட்டாய்.

செத்தவீட்டில் எல்லோரையும் போல நானும் அழுதேன். அந்த அழுகைக்குள்ளேயே ஓர் ஆறுதலும் இருந்தது. அதை யாரிடமும் சொல்லவில்லை. நல்லகாலம், அந்த ஞாயிறு வந்தேன். இன்னும் ஒரு மாதம் தள்ளிப்போட்டிருந்தால், யாரிடம் போய்ச் சொல்லியிருப்பேன்? உன்னை நினைக்கும்போது இப்போது தலை குனிவதில்லை.

இன்றைக்கும் முதல் முறை கம்பி விழுந்தது. அடுத்த முறைதான் நின்றது. அம்மா போன் எடுத்து, எப்படி என்று கேட்டார்.

"முதல் விழுந்திட்டுது அம்மா. பிறகு தூக்கிட்டன்."

இப்போதெல்லாம் யார் கேட்டாலும், விழுந்ததைத்தான் முதலில் சொல்கிறேன்.